கடைசி செமஸ்டர் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் கிடைத்தால் என்ன செய்யலாம்?

வைகை_வாத்தியார்

மதுரையில் ஒரு கலைக் கல்லூரியில் வணிகவியல் எடுக்கிறேன். கடைசி ஆண்டு மாணவர்களைப் பற்றி இங்கே கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம்.

டிசம்பர் வரை வகுப்பு கலகலப்பாக இருக்கும். பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது அதே பிள்ளைகள் முகம் வாடி வருவார்கள். போன இடத்தில் சித்தப்பா, அத்தை, எதிர்வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு "படிப்பு முடியப் போகுதே, அடுத்து என்ன?" என்று கேட்டு அனுப்பியிருப்பார்கள். பிப்ரவரியில் வருகைப் பதிவு சரியும். மார்ச்சில் சிலர் வந்து உட்கார்ந்திருந்தாலும் வராதவர்கள் மாதிரிதான்.

போன வருடம் நன்றாகப் படிக்கிற ஒரு மாணவி இன்டர்னல் தேர்வில் பெயர், பதிவெண், முதல் கேள்விக்கு விடை என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிவிட்டு மீதிப் பக்கங்களை வெறுமனே கொடுத்துவிட்டார். கூப்பிட்டுக் கேட்டேன். "எழுதி மட்டும் என்ன சார் ஆகப் போகுது?" என்றார். அப்புறம் செல்போனைத் திறந்து காட்டினார். கேலரி முழுக்க வேலை விளம்பரங்களின் ஸ்கிரீன்ஷாட். எல்லாமே நள்ளிரவு தாண்டி எடுத்தவை. ஒன்றுக்குக்கூட விண்ணப்பம் போடவில்லை. எந்த வேலையில் என்ன செய்யச் சொல்வார்கள் என்றே தெரியாதபோது எதற்குப் போடுவது என்று கேட்டார். எனக்கும் அவற்றில் பாதி வேலைகளைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை.

கல்லூரிகளில் மனநலம் என்றால் வருடத்துக்கு ஒரு சிறப்புரை. வேலை என்றால் பிளேஸ்மென்ட் செல். தனித்தனி அறை, தனித்தனிப் பொறுப்பாளர். பிள்ளைகளுக்கோ இரண்டும் ஒரே கவலை. இந்த முறை கடைசி செமஸ்டரில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் எனக்குத் தர நிர்வாகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது? "தைரியமாக இரு" என்று சொல்ல எனக்கே தெரியும். அந்த வயதில் உங்களுக்கு உண்மையாகவே எது கைகொடுத்தது என்று எழுதுங்கள்.

மேலூர்க்காரன்

சார், நான் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறேன். புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில்தான் பெரும்பாலான நாள். 2023-இல் அது திறந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பையன்களுக்குப் பெரிய உதவி. வீட்டில் உட்கார்ந்து படித்தால் மாடு கட்டு, ரேஷனுக்குப் போ என்று பொழுது போய்விடும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 2024 குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். அதாவது ஏறத்தாழ 320 பேருக்கு ஒரு இடம். கல்லூரியில் இருக்கும்போது இதை யாராவது கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தாலும் நான் பரீட்சை எழுதியிருப்பேன். ஆனால் அதை மட்டுமே நம்பி இறங்கியிருக்க மாட்டேன். நேர்முகத் தேர்வு கிடையாது, 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் பாதி தமிழ். யாருடைய சிபாரிசும் தேவையில்லை. எங்களை மாதிரித் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அதில் ஒரு மரியாதை இருக்கிறது. அதனால்தான் இத்தனை பேர் வருகிறோம். இதைப் புரியாமல் "அரசு வேலை மோகம்" என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

படிப்பு கஷ்டமில்லை சார். பரீட்சை எழுதி முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாதங்கள்தான் ஆளைத் தின்கின்றன. வேறு எதையும் தொடங்கவும் முடியாது, விடவும் முடியாது. கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கூட்டாளிகள் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன்.

எனக்குக் கைகொடுத்தவை இரண்டு. சாயங்காலம் எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் ஆரம்பித்தேன். சின்ன வருமானம்தான். ஆனால் டீக்கும் பெட்ரோலுக்கும் அப்பாவிடம் கை நீட்ட வேண்டாம், "என்ன பண்றே?" என்று கேட்பவர்களுக்கு பதிலும் இருக்கிறது. இன்னொன்று, நூலகத்தில் கூட்டாகப் படிக்கும் நாலு பேர். ஒருத்தன் வராவிட்டால் மற்றவர்கள் போன் போட்டுக் கேட்போம். சில நாள் அந்தப் போன் வரும் என்பதற்காகவே கிளம்பியிருக்கிறேன்.

உங்கள் மாணவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். எத்தனை முறை முயற்சி செய்வது என்று தொடங்கும்போதே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். நடுவில் பேச ஆரம்பித்தால் அது சண்டையாகத்தான் முடிகிறது.

திருமங்கலம்_அம்மா

வாத்தியாரய்யா, எம் மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருசம். நானும் தினம் அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள்தான். வேறு என்ன கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லையே. அவன் சொல்கிற வேலைப் பெயர் ஒன்றும் எங்களுக்குப் புரியாது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு அவங்கப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். விடியக்காலம் மூணு மணிக்குக் கிளம்புகிற மனுசன் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்து கடன் கணக்குப் போடுகிறார். படிப்பு முடிந்த மறுமாசமே பேங்கில் தவணை கேட்பார்களோ என்று பயம். அந்தப் பயத்தில் நாங்கள் கேட்கிறோம், அவன் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

காலேஜில் எங்களைக் கூப்பிடுவது பீஸ் பாக்கிக்கும் அட்டெண்டன்ஸுக்கும் மட்டும்தான். ஒருநாள் எங்களையும் உட்கார வைத்து, இந்தப் படிப்புக்கு இன்ன இன்ன வேலை, கிடைக்க இவ்வளவு நாள் ஆகலாம் என்று தமிழில் சொல்லுங்கள். நாங்கள் தாங்கிக்கொள்வோம். தெரியாமல் இருப்பதுதான் எங்களுக்கும் ஆகவில்லை.

ஓய்வுபெற்ற_வங்கியர்

அம்மா, முதலில் உங்கள் பயத்துக்கு பதில். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. அதற்கு அப்புறம் 15 வருடம் வரை பிரித்துக் கட்டலாம். வட்டி மட்டும் அந்தக் காலத்திலும் ஏறிக்கொண்டிருக்கும். முடிந்தபோது வட்டியை மட்டுமாவது கட்டிவந்தால் சுமை குறையும். கிளைக்குப் போய்க் கடன் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். உங்கள் தவணை தொடங்கும் தேதி அதிலிருந்து தெரிந்துவிடும். வேலை கிடைக்கத் தாமதமானால் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள். தவணை தவறிய பிறகு போவதை விட அது எவ்வளவோ மேல்.

வாத்தியாருக்கு என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் காலத்திலும் வேலை இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் கார்டைப் புதுப்பித்தோம். மனநலம் என்று யாரும் பேசவில்லை. வங்கித் தேர்வை விடாமல் எழுதினோம், ஒருநாள் கிடைத்தது. இந்தத் தலைமுறையைப் பேசிப் பேசியே பலவீனமாக்குகிறோமோ என்று எனக்குச் சந்தேகம். அந்த ஒரு மணி நேரத்தில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதவும் ஒரு பத்தி உரக்கப் படிக்கவும் பழக்கினால் அதுவே பெரிய தைரியம் கொடுக்கும்.

பல்கலைநகர்_நிலா

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். உங்கள் காலத்தில் காத்திருந்தவர்களில் எழுதிக் கிடைத்தவர்கள் இன்று பேசுகிறார்கள். கிடைக்காமல் ஒடுங்கிப்போனவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள், அவர்கள் கதையை யாரும் கேட்பதில்லை. இன்னொன்றும் உண்டு. உங்கள் நண்பனுக்கு வேலை கிடைத்தால் கடிதம் போட்டுத்தான் தெரியும். எங்களுக்கு ராத்திரி படுக்கையில் கிடக்கும்போதே ஆஃபர் லெட்டர் படத்தோடு செல்போனில் வந்து நிற்கும்.

நான் முதுகலை இரண்டாம் ஆண்டு. வீட்டில் முதல் பட்டதாரி. பெண் பிள்ளைகளின் நிலைமையை இந்த இழையில் இன்னும் யாரும் எழுதவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பையன்களுக்கு "என்ன வேலை?" என்று ஒரே கேள்வி. எங்களுக்கு அதற்கு முன்னால் "வேலைக்கு அனுப்புவார்களா?" என்பது இருக்கிறது. என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற தோழிகளில் பாதிப் பேருக்குக் கடைசி செமஸ்டரிலேயே ஜாதகம் வெளியே போய்விட்டது. சென்னையில் கேம்பஸ் வேலை கிடைத்த ஒருத்தி அதை வீட்டில் சொல்லவே இல்லை. சொன்னால் கல்யாணப் பேச்சு வேகமாகிவிடும் என்று பயந்தாள். சேர வேண்டிய தேதி போன பிறகுதான் எங்களுக்கே தெரியும். அவளுக்குப் போட்டியும் இல்லை, திறமைக் குறைவும் இல்லை. அப்படியும் அவள் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்தது நேரம். உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கமிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பார்த்துத்தான் வாழ்க்கையைத் திட்டமிட முடியும். நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் வந்தது, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022-இலிருந்து வருகிறது. இரண்டும் எங்கள் கையில் முதன்முதலாக எங்களுக்கென்று கொஞ்சம் காசையும் நடமாட்டத்தையும் கொடுத்தன. அரசுப் பள்ளியில் படித்த என் தோழி அந்த ஆயிரத்தில்தான் தேர்வுக் கட்டணம் கட்டினாள். ஆனால் ராத்திரி ஷிஃப்ட் என்ற ஒரு சொல் வந்ததும் வீட்டில் பேச்சு நின்றுவிடும். கம்பெனி வண்டி வீட்டு வாசல் வரை வருமா, பெண் காவலர் உண்டா என்று விவரம் தெரிந்தால் அப்பாவிடம் பேச எனக்குப் பிடி கிடைக்கும். அந்த விவரம் வேலை விளம்பரத்தில் இருக்காது, அங்கே வேலை பார்க்கிற அக்காவிடம்தான் இருக்கும்.

அதனால் சார், உங்கள் ஒரு மணி நேரத்துக்குப் பெரிய பேச்சாளர்களைக் கூப்பிடாதீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அதே பெஞ்சில் உட்கார்ந்த அக்காக்களைக் கூப்பிடுங்கள். சம்பளம் எவ்வளவு, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, ஹாஸ்டலுக்கு எவ்வளவு, முதல் மாதம் எப்படி அழுதேன் என்று சொல்லட்டும். எனக்கு அப்படி ஒரு அக்கா கிடைத்தார். ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோது, ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், கிடைக்காமல் பிஎச்.டி. சேர்ந்தால் கையில் ஒன்றும் இல்லாத வருடங்கள் என்று இரண்டு பக்கத்தையும் சொன்னார். பயம் போகவில்லை. ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரிந்தது, அன்றைக்குத்தான் அந்த உதவித்தொகைக்கான நெட் தேர்வுக்குப் புத்தகம் வாங்கினேன்.

சோழவந்தான்_பையன்

நான் பி.சி.ஏ. இரண்டாம் வருடம். ஏஐ வந்தால் எங்கள் வேலையெல்லாம் போய்விடும் என்று யூடியூபில் தினமும் சொல்கிறார்கள். அப்படியென்றால் எதற்குப் படிக்கிறோம் என்று தோன்றுகிறது. யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

இலந்தைகுளம்_ஐடி

தம்பி, உண்மையைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு நாங்கள் முன்பு கொடுத்த எளிய கோடிங், சோதனை வேலைகளில் ஒரு பகுதியை இப்போது கருவியே செய்கிறது. அது எழுதியதில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும். அதற்கு அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். அதனால் டேட்டாபேஸ், நெட்வொர்க்கிங் பாடங்களைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதே. ஒரு சின்ன புரோகிராமை நீயே எழுதி, உடைத்து, சரி செய். நேர்முகத் தேர்வில் நான் கேட்பது அதைத்தான். பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்று அந்த யூடியூபருக்கும் தெரியாது. தினமும் பார்க்காதே.

ஐடி என்றால் கோடிங் மட்டும் இல்லை என்பதும் நம் பக்கம் பலருக்குத் தெரிவதில்லை. விலங்கியல், நர்சிங், பார்மசி படித்தவர்கள் மெடிக்கல் கோடிங்கில் இருக்கிறார்கள். நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுகிற வேலை. வணிகவியல் படித்தவர்களுக்குக் கணக்கு, பில்லிங் சார்ந்த வேலைகள் இருக்கின்றன. மதுரைப் பக்கம் இலந்தைகுளம், வடபழஞ்சி இரண்டு இடத்திலும் அரசு நிறுவனமான எல்காட்டின் ஐடி பூங்கா இருக்கிறது. மாட்டுத்தாவணியில் டைடல் ஐடி பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். எல்லாருக்கும் இங்கேயே வேலை கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், சென்னையும் பெங்களூருவும்தான் இன்னும் பெரிய சந்தை. ஆனால் முதல் வேலையை வீட்டிலிருந்து போய்வருகிற தூரத்தில் தேடிப் பார்க்க இப்போது வழி இருக்கிறது.

வாத்தியார் சார், பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். வேலை தருகிறேன் என்று பணம் கேட்டால், அது டெபாசிட் என்றாலும் பயிற்சிக் கட்டணம் என்றாலும், எழுந்து வந்துவிட வேண்டும். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வரக்கூடாது. என் தம்பி ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு ஆறேழு மாதம் யாரிடமும் பேசாமல் இருந்தான். காசு போனதை விட, ஏமாந்துவிட்டோமே என்ற வெட்கம்தான் அவனைப் படுத்தியது.

கேட்கும்_செவி

நான் மனநல ஆலோசகர், கல்லூரி மாணவர்களோடு வேலை செய்கிறேன். இதுவரை எழுதியவர்கள் சொன்னதில் பாதி என் அறையில் தினம் கேட்பது.

வேலையைப் பற்றிக் கவலை வருவது நோய் இல்லை. அதே சமயம் எல்லாவற்றையும் "வயசுக் கோளாறு, சரியாகிவிடும்" என்று விட்டுவிடவும் கூடாது. நாங்கள் பார்ப்பது இரண்டு வாரக் கணக்கு. தொடர்ந்து இரண்டு வாரம் பெரும்பாலான நாள்களில் எதிலும் பிடிப்பு இல்லை, மனம் சோர்ந்தே கிடக்கிறது, தூக்கமோ பசியோ மாறிவிட்டது, தன்னால் வீட்டுக்குக் கேடு என்று பேசுகிறார் என்றால் மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பார்த்தே ஆக வேண்டும். பிஎச்க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக விசாரிப்போம். கடைசிக் கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது, அதில் ஒரு மதிப்பெண் விழுந்தாலும் மொத்தத்தைப் பார்க்காமல் அன்றைக்கே பேசுவோம்.

அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் நாமே தூண்டிவிட்டதாக ஆகிவிடும் என்று ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்டதும் பல பிள்ளைகள் பெருமூச்சு விட்டுப் பேச ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டுவிட்டுத் தனியாக விடாதீர்கள், அவ்வளவுதான். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் தடவை கூடவே ஒருவர் போனால் நல்லது.

சட்டமும் இப்போது உங்கள் பக்கம். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியான ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. உங்கள் முதல்வரிடம் அதை எடுத்துக் காட்டுங்கள் சார். நீங்கள் ஒருவரே எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்க முடியாது, சுமக்கவும் கூடாது.

அப்புறம் தூக்கம். வேலை விளம்பரத்தை நள்ளிரவில் பார்க்கிற பிள்ளைக்கு மறுநாள் காலையில் அது இன்னும் பயங்கரமாகத் தெரியும். இந்த வயதில் ஏழு மணி நேரமாவது வேண்டும். விண்ணப்பம் போடும் வேலையைப் பகலில், இன்னொருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை அதுதான். ஒன்றே ஒன்று அனுப்பினாலும் போதும், அன்று ராத்திரி கொஞ்சம் நன்றாகத் தூங்குகிறார்கள்.

ஓய்வுபெற்ற_வங்கியர்

நிலா, நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன் அம்மா. அந்தப் பெண் சேர வேண்டிய தேதியைத் தவறவிட்டது மனதில் தைக்கிறது. பேசுவதால் பலவீனம் வரும் என்ற என் வாதத்துக்கு அவள் கதை இடம் கொடுக்கவில்லை. ஆங்கிலப் பயிற்சி வேண்டும் என்பதில் மட்டும் நான் நகர மாட்டேன். வாத்தியார் சம்மதித்தால் நானே வந்து எடுக்கிறேன், சம்பளம் வேண்டாம்.

வைகை_வாத்தியார்

எல்லாருக்கும் நன்றி. படிக்கப் படிக்கக் கையில் பேனாவோடு குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரம் என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு வாரம் பழைய மாணவிகள் மட்டும், நிலா சொன்ன மாதிரி கையில் வாங்கும் சம்பளத்திலிருந்து ஆரம்பிக்கட்டும். அதற்கடுத்த வாரம் கணினி ஆய்வகத்தில் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு விண்ணப்பம். அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்த பயிற்சிகளைப் பலரும் வருகைக்காக மட்டும் முடித்து வைத்திருக்கிறார்கள். அதில் கற்றதைத் தன்விவரத்தில் எப்படி எழுதுவது என்று இலந்தைகுளத்தார் வந்து காட்டினால் நன்றாக இருக்கும். புதூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி உண்டு, மேலூர்த் தம்பி அதைப் பற்றியும் தன் 320 கணக்கைப் பற்றியும் பேச வேண்டும். ஆலோசகர் நியமனத்துக்கு முதல்வரிடம் எழுத்து மூலமாகவே கேட்கப் போகிறேன். அதுவரை கேட்கும்_செவி அவர்களை ஒருநாள் அழைக்க அனுமதி வாங்குகிறேன். ஐயாவின் ஆங்கில வகுப்புக்குத் தனி நேரம் ஒதுக்குகிறேன்.

திருமங்கலம் அம்மா, பெற்றோர் கூட்டத்தை உங்கள் யோசனைப்படியே தமிழில் நடத்துகிறோம். பீஸ் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். உங்கள் மகன் வேறு கல்லூரியில் படித்தாலும் நீங்களும் வாருங்கள்.

திருமங்கலம்_அம்மா

வருகிறேன் அய்யா. அவங்கப்பாவையும் கூட்டிக்கொண்டு வரணும். மூணு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போனால் திரும்ப மதியம் ஆகிவிடும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வைத்தால் எங்களை மாதிரி ஆளுங்களும் வர முடியும்.

மேலூர்க்காரன்

நான் எந்த வெள்ளிக்கிழமை என்றாலும் வருகிறேன் சார். ஆறு மணிக்கு டியூஷன், அதற்குள் விட்டால் போதும். கூடப் படிக்கிற நாலு பேரில் ஒருத்தன் இரண்டு தடவை குரூப் 4 எழுதிவிட்டு இப்போது ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு பார்க்கிறான், ராத்திரி படிக்கிறான். அவனையும் கூட்டி வரட்டுமா? பரீட்சையில் தேறாதவன் வந்து பேசுவதைப் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வைகை_வாத்தியார்

கட்டாயம் கூட்டி வா தம்பி. முதலில் அவரே பேசட்டும். அம்மா, ஞாயிறு நாலு மணி என்றே கேட்டுப் பார்க்கிறேன், தேதி உறுதியானதும் இங்கேயே போடுகிறேன்.